மலை ரோட்டுல நாய் பூனைக்கு வாந்தி: எந்த மருந்து, எப்போ குடுக்கணும், எப்போ தொடவே கூடாது

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலைல இருந்து வத்தலக்குண்டு எறங்குறதுக்குள்ள எங்க டைகர் மூணு தடவ வாந்தி எடுத்துரும். பேருதான் டைகர், 14 கிலோ நாட்டு நாய், தோட்டத்துக்குள்ள காட்டெருமை வந்தா நின்னு குரைக்கும், ஆனா கார் கதவ தொறந்தா வாலு கால் நடுவுல போயிரும். ஊத்து தாண்டும்போது எச்சி ஒழுக ஆரம்பிக்கும், டம்டம் பாறைகிட்ட வரும்போது சீட்டு முடிஞ்சுருக்கும். அஞ்சாறு வருஷமா இதோட மல்லுக்கட்டி, ரெண்டு மூணு டாக்டர்கிட்ட திட்டு வாங்கி, ஒரு பெரிய தப்பும் பண்ணி கத்துக்கிட்டத எழுதுறேன். நான் டாக்டர் இல்ல. ஆனா மெடிக்கல்ல போயி "நாய்க்கு வாந்திக்கு ஒரு மாத்திரை குடுங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுட்டுப் போங்க.

மொதல்ல கொமட்டல கண்டுபிடிக்கணும், வாந்தி வந்தப்புறம் மாத்திரை குடுத்தா அதுவும் சேர்ந்து வெளிய வந்துரும், காசுதான் வேஸ்ட்டு. நாய் ஒதட்ட நக்கிக்கிட்டே இருக்கும், ஒண்ணுமே வாயில இல்லாம முழுங்கும், கொட்டாவி விடும், ஒரு எடத்துல உக்காராது, வீட்டுல இருந்தா அவசர அவசரமா புல்லு திங்கும். பூனை வேற மாதிரி, அது சாப்பாட்டு கிண்ணத்துக்கிட்ட வந்து மோந்து பாத்துட்டு மொகத்த திருப்பிக்கிட்டு குறுகி உக்காந்துரும், இல்லேன்னா கட்டிலுக்கு அடியில போயிரும். பூனைக்கு என்னமோ சாப்பாடு புடிக்கலன்னு நாம பிராண்டு மாத்திக்கிட்டு இருப்போம், அதுக்கு வயித்த பெரட்டிக்கிட்டு இருக்கும்.

இன்னொண்ணு, வாந்தியும் கக்குறதும் ஒண்ணு இல்ல. வயிறு குலுங்கி ஓங்கரிச்சு வெளிய வந்தா வாந்தி. எந்த முயற்சியும் இல்லாம தின்ன சோறு அப்படியே கொழாய் மாதிரி வழுக்கி வந்தா அது உணவுக்குழாய் பிரச்சனை, வாந்தி மாத்திரை அதுக்கு பிரயோஜனம் இல்ல. எது வருதுன்னு போன்ல வீடியோ எடுத்து வச்சுக்குங்க, நீங்க பத்து நிமிஷம் வாயால சொல்றத டாக்டர் பத்து செகண்ட்ல பாத்து புரிஞ்சுக்குவாரு.

சரி மருந்துக்கு வருவோம். ஒவ்வொண்ணும் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ரொம்ப நாள் மண்டைல ஏறல, அப்புறம் நம்ம ஊரு ரோட்ட வச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியா வரலாம், பழனி வழியா வரலாம், பெரியகுளத்துல இருந்து அடுக்கம் வழியாவும் வரலாம், மூணும் பெருமாள்மலைல வந்து சேந்துதான் மேல போகணும். வாந்தியும் அப்படித்தான். வயிறு கெட்டா குடல்ல இருந்து ஒரு வழி, ரத்தத்துல விஷமோ கிட்னி கழிவோ ஏறுனா மூளைல அத மோப்பம் புடிக்கிற எடத்துல இருந்து ஒரு வழி, கார் ஆடுனா உள்காதுல இருந்து ஒரு வழி, பயந்தா பெரிய மூளைல இருந்து ஒரு ஒத்தையடிப் பாதை. எல்லாம் வந்து சேர்றது மூளைல இருக்குற வாந்தி மையம், அதுதான் பெருமாள்மலை. எந்த மருந்து எந்த ரோட்டுல செக்போஸ்ட் போடுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

மரோபிட்டன்ட், செரினியாங்குற பேர்ல வர்றது, பெருமாள்மலைலயே கேட்ட சாத்துற மருந்து. அமெரிக்காவுல 2007ல நாய்க்குன்னே அனுமதி வாங்குனது, மனுஷ மருந்த பிச்சு குடுக்குறது இல்ல. எந்த வழியா வந்தாலும் கடைசில நிறுத்திரும், அதனாலதான் மலை ரோட்டு வாந்திக்கும் கேக்குது. இங்க ஒரு விஷயத்த நல்லா கவனிங்க, சாதாரண வாந்திக்கு மாத்திரை அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம், ட்ராவல் வாந்திக்கு கிலோவுக்கு 8 மில்லிகிராம், நாலு மடங்கு. போன மாசம் வயித்துப்போக்கோட வாந்தின்னு எழுதிக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு, அதையே கார்ல போகும்போது குடுப்போம்னு குடுத்தா ஒண்ணும் கேக்காது, அப்புறம் "இந்த மருந்து டுபாக்கூர்"னு சொல்லுவோம். நானும் சொன்னேன். அதே மாதிரி ட்ராவல் அளவ வாந்திக்குன்னு தினமும் குடுத்துறக் கூடாது, அந்த 8 மில்லிகிராம் கணக்கு தொடர்ந்து 2 நாளைக்கு மேல போகக் கூடாது. 4 மாசத்துக்கு கொறஞ்ச குட்டிக்கு ட்ராவல் அளவு கெடையவே கெடையாது. ஈரல், இதயம் கோளாறு இருக்குற நாய்னா டாக்டர்கிட்ட அத மொதல்லயே சொல்லிருங்க.

அளவு எல்லாம் எடைய வச்சுத்தான். நாய தராசுல நிக்க வைக்க முடியாது, நீங்க ஏறி நின்னு பாருங்க, அப்புறம் நாய தூக்கிக்கிட்டு ஏறுங்க, கழிச்சுக்குங்க. டைகர் 18 கிலோ இருப்பான்னு நான் குத்துமதிப்பா சொல்லிக்கிட்டு இருந்தேன், கழிச்சுப் பாத்தா 14.

இதே மருந்து ஊசியாவும் இருக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம், பூனைக்கும் அதே. போட்டா நல்லா எரியும், நாய் கத்தும், டாக்டர் தப்பா போட்டுட்டார்னு நெனைக்காதீங்க. ஃபிரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு போட்டா எரிச்சல் கம்மியாகும். ஜனவரில கொடைக்கானல்ல ஃபிரிட்ஜே தேவையில்ல, அலமாரில வச்சாலே போதும்னு எங்க டாக்டர் ஜோக் அடிப்பாரு.

அடுத்தது ஆண்டான்செட்ரான், நம்ம எல்லார் வீட்டு டப்பாவுலயும் எமெசெட்டு வோமிகைண்டுன்னு கெடக்குமே அது. இது குடல்ல இருந்து வர்ற ரோட்டையும் ரத்தத்த மோப்பம் புடிக்கிற எடத்தையும் அடைக்கும். கொமட்டல கொறைக்கிறதுல இது கெட்டி, வாந்தி நின்னும் எச்சி ஒழுகிக்கிட்டு சாப்பிடாம இருக்குற கேஸுக்கு டாக்டருங்க இத சேத்து எழுதுறாங்க. ஆனா கார் வாந்திக்கு இது பெருசா உதவாது, அது உள்காது ரோடு. நாம வாந்திக்கு போட்டுக்குறோம், அதுக்கும் கார்ல கேக்கும்னு நெனச்சு குடுக்காதீங்க. சிரப்பு வாங்குறதா இருந்தா லேபிள்ல சைலிட்டால்னு இருக்கான்னு பாருங்க, அது சர்க்கரைக்கு பதிலா போடுற இனிப்பு, மனுஷனுக்கு ஒண்ணும் இல்ல, நாய்க்கு சர்க்கரை அளவு சடார்னு எறங்கிரும், ஈரலும் போகும். கோலி (Collie) வகை நாய் வச்சுருக்கவங்க அந்த ஜாதிப் பேர டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அதுங்களுக்கு சில மருந்து மூளைக்குள்ள அதிகமா ஏறும்.

மெட்டோகுளோப்ரமைடு, அதாவது பெரிநார்ம், வயித்த முன்னாடி தள்ளிவிடுற மருந்து. பழைய மருந்து, விலை கம்மி, மாட்டாஸ்பத்திரிலயும் இருக்கும். அளவு கூடுனா நாய் ஒரு எடத்துல நிக்காம பித்துப் புடிச்ச மாதிரி சுத்தும், வலிப்பு வர்ற நாய்க்கு வேண்டாம், பூனைக்கு வாந்திய நிறுத்துறதுல இது அவ்வளவா எடுபடாது. குடல்ல அடைப்பு இருந்தா இத குடுக்கவே கூடாது, அடைச்ச பைப்புல மோட்டார் போட்ட மாதிரி ஆயிரும்.

அவோமின், மலை பஸ்ல ஏறுற பாதிப் பேர் பைல இருக்குறது. அந்த வகை அலர்ஜி மாத்திரைங்க உள்காது ரோட்ட ஓரளவு அடைக்கும், நாய்க்கு டாக்டருங்க சில சமயம் அந்த வகைல ஒண்ணு குடுப்பாங்க, தூக்கம் வரும். பூனைக்கு அந்த வகை சரியா கேக்காது. மொதல் வருஷம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு அவோமின்ல பாதி டைகருக்கு குடுத்தேன், தூங்கிக்கிட்டே வாந்தி எடுத்துச்சு. தூங்கும்போது வாந்தி எடுத்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள போக வாய்ப்பிருக்குன்னு டாக்டர் அப்புறம் சொன்னப்ப எனக்கு பக்குன்னு ஆயிருச்சு.

இப்போ அந்த பெரிய தப்பு. எங்க தோட்டத்துல ரெண்டு பட்டர்ஃப்ரூட் மரம் இருக்கு, சீசன்ல பழுத்து விழுந்துக்கிட்டே இருக்கும், டைகர் அத தின்னும். சதை தின்னதுல பெருசா ஒண்ணும் ஆனதில்ல. ஒரு நாள் காலைல வாந்தி, மத்தியானம் வாந்தி, நான் கெட்டிக்காரத்தனமா வீட்டுல இருந்த எமெசெட்ட குடுத்தேன். வாந்தி நின்னுருச்சு. அடடா மருந்து கேட்டுருச்சுன்னு நெனச்சேன். மறுநாள் சாப்பிடல, படுத்தே கெடந்துச்சு, லேசா எச்சி, நான் திரும்ப ஒண்ணு குடுத்தேன், வாந்தி வரல, அதனால நல்லா ஆகிக்கிட்டு இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணாவது நாள் ராத்திரி வந்த வாந்தில மலம் நாத்தம் அடிச்சுச்சு. தூக்கிக்கிட்டு மதுரைக்கு ஓடுனோம், எக்ஸ்ரேல தெளிவா தெரியல, ஸ்கேன்ல பாத்தா குடல்ல கோலிக்குண்ட விட பெருசா ஒண்ணு, பட்டர்ஃப்ரூட் கொட்டை. வயித்த கிழிச்சு எடுத்தாங்க. எடுத்த கொட்டைய ஒரு ஸ்டீல் கிண்ணத்துல போட்டு என் கைல குடுத்துட்டு டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, "வாந்தி நிக்கிறதுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?" நான் தலைய ஆட்டுனேன். மொத நாளே வந்துருந்தா குடல்ல ஒரு சின்ன கீறலோட போயிருக்கும், இப்போ கொஞ்சம் குடல வெட்டி ஒட்ட வேண்டியதாயிருச்சுன்னார். அந்தக் கொட்டைல பல்லு பட்ட தழும்பு இன்னும் என் கண்ணுல நிக்குது.

அதனால மருந்துப் பெட்டிய தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, இந்த வாந்திக்கு காரணம் எனக்குத் தெரியுமா? கார்ல ஏறுனா மட்டும் வருது, எறங்குனா அரை மணில நின்னுருது, வால ஆட்டுது, சோறு கேக்குதுன்னா தெரியும், அது ட்ராவல் வாந்தி. வீட்டுல உக்காந்துருக்கும்போது வர்ற வாந்திக்கு காரணம் தெரியாம மாத்திரை போடாதீங்க.

மலைல நமக்குன்னு சில தனி ஆபத்து இருக்கு. டூரிஸ்ட் வாங்கிட்டு வந்து ரூம்ல தொறந்து வைக்கிற ஹோம்மேட் சாக்லேட், கருப்பா இருக்க இருக்க நாய்க்கு விஷம் ஜாஸ்தி, நெஞ்சு படபடன்னு அடிச்சு வலிப்பு வரைக்கும் போகும். கேரட்டு, உருளைக்கெழங்கு தோட்டத்துல அடிக்கிற பூச்சி மருந்து, நத்தைக்கு வைக்கிற மருந்து, எலி மருந்து. நம்ம மலைப்பூண்டு புவிசார் குறியீடு வாங்குன பூண்டுதான், ஆனா வாயுன்னு சொல்லி அத தட்டி பால்ல போட்டு நாய்க்கு குடுக்குறவங்கள பாத்துருக்கேன், பூண்டும் வெங்காயமும் நாய் பூனைக்கு ரத்தத்துல செவப்பணுவ ஒடைச்சுரும். ஓடைப் பக்கம் தானா மொளைக்கிற வெள்ள கால்லா பூவ கடிச்சா வாய் எரிஞ்சு எச்சி ஊத்தும், அது பெரும்பாலும் சரியாயிரும், ஆனா பூந்தொட்டில வளக்குற அசல் லில்லி இருக்கே, அதோட மகரந்தம் ஒடம்புல பட்டு பூனை நக்குனாக்கூட கிட்னி போயிரும், வாந்திதான் மொத அறிகுறி. இதுல எதாச்சும்னு சந்தேகம் வந்தா வாந்திய நிறுத்தாதீங்க, உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க, மருந்து டப்பா, மிச்ச சாக்லேட்டு, பூவு எதுவோ அதயும் கைல எடுத்துக்கிட்டு கெளம்புங்க.

மாத்திரைய நெனைக்காம வண்டிய எடுக்க வேண்டிய வேற நேரங்களும் இருக்கு. ஓங்கரிக்குது ஆனா ஒண்ணும் வரல, வயிறு டமாரம் மாதிரி உப்புது, பெரிய நாய்னா அது வயிறு முறுக்குனதா இருக்கலாம், மணிக்கணக்குதான் டைம். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியோட ரத்தமா பேதி போனா அது பார்வோங்குற வைரஸ் நோயா இருக்கலாம். வாந்தில ரத்தம், இல்ல காபித்தூள் மாதிரி. ஆண் பூனை மண்பெட்டில போயி போயி முக்குது, ஒண்ணுக்கு வரல, கூடவே வாந்தின்னா மூத்திரம் அடைச்சுருக்கு, அது வயித்துக் கோளாறே இல்ல. ஈறுல விரலால அமுக்கி விட்டா ரெண்டு செகண்டுல திரும்ப ரோஸ் ஆகணும், வெளுப்பாவே நின்னாலோ, தோல கிள்ளி விட்டா மெதுவா எறங்குனாலோ தண்ணி வத்திருச்சு, ட்ரிப்ஸ் வேணும். 1962ன்னு கால்நடைக்கு ஒரு நம்பர் இருக்கு, பெரும்பாலும் ஆடு மாட்டுக்குத்தான் வருவாங்க, ஆனாலும் போன்ல பதிஞ்சு வச்சுக்குங்க.

பூனைக்கு தனியா சொல்லணும். எங்க வீட்டு வெள்ளச்சி நாலு கிலோதான், ஆனா மாத்திரைன்னா பத்து ஆளு பலம் வரும். மரோபிட்டன்ட் மாத்திரை பயங்கர கசப்பு, நாக்குல பட்டதும் வாயெல்லாம் நொரை, வெறி புடிச்சுருச்சோன்னு மொத தடவ எங்க அம்மா கத்திட்டாங்க, கசப்புதான் அது. பழைய துண்ட எடுத்து கழுத்துக்குக் கீழ முழுசா இறுக்கி சுத்துங்க, மடில பின்பக்கமா சாய்ச்சு உக்கார வச்சு இடது கையால கன்னத்து எலும்ப புடிச்சு மூக்க மேல தூக்குனா கீழ்த்தாடை தானா தொறக்கும், மாத்திரைய நாக்கோட பின்னாடி முனைல போட்டு வாய மூடி தொண்டைய தடவுங்க, மூக்க நக்குனா முழுங்கிருச்சு. ஒடனே ஊசி இல்லாத சிரிஞ்சுல அஞ்சு மில்லி தண்ணிய கன்னத்து ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. இது முக்கியம், பூனைக்கு மாத்திரை தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டு நின்னுரும், டாக்ஸிசைக்ளின்ங்குற ஆன்டிபயாடிக் மாதிரி மருந்துன்னா அங்கயே புண்ணாகி குழாய் சுருங்கிரும், அந்த மாத்திரையே கொமட்டலும் குடுக்கும், அதனால அத சாப்பாட்டோட குடுக்கணும். கிட்னி கோளாறு உள்ள கெழட்டு பூனைக்கு மிர்டாசபைன்னு ஒண்ணு எழுதுவாங்க, அது கொமட்டலயும் கொறைக்கும் பசியயும் தூண்டும், மனுஷ மாத்திரைல ரொம்ப சின்ன துண்டுதான், டாக்டர் சொன்ன அளவ விட ஒரு துளி கூடக் கூடாது. பூனை ஒரு நாள் முழுசா சாப்பிடலன்னா காத்துருக்காதீங்க, பட்டினி கெடந்தா பூனைக்கு ஈரல்ல கொழுப்பு சேந்து அதுவே ஒரு நோயாயிரும். பாராசிட்டமால் மட்டும் பூனை பக்கமே கொண்டு போகாதீங்க, ஒரு மாத்திரை போதும் கொல்றதுக்கு.

இனி பயண நாள். காலைல 7 மணிக்கு கெளம்புறோம்னு வைங்க. முந்துன நாள் ராத்திரி எட்டு மணியோட சோறு முடிஞ்சுரணும், தண்ணி இருக்கட்டும். குட்டியா இருந்தா அவ்வளவு நேரம் பட்டினி போடாதீங்க, மயங்கிரும். காலைல 5 மணிக்கு, அதாவது ரெண்டு மணி நேரம் முன்னாடி மாத்திரை. வெறும் வயித்துல வேண்டாம், ஒரு கை இட்லியோ சப்பாத்தி துண்டோ கூட குடுங்க, ஆனா சீஸுக்குள்ளயோ கொழுப்புக் கறிக்குள்ளயோ அமுக்கி உருட்டிக் குடுத்தா மாத்திரை கரையறது லேட்டாகும். கார்ல ஏறும்போது குடுத்தா காமக்காபட்டி செக்போஸ்ட் போனப்புறம்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும், அங்க கொண்டை ஊசி வளைவே முடிஞ்சுருக்கும்.

நாய முன் சீட்டுக்கு பின்னாடி தரைல, இல்லேன்னா பின் சீட்டு நடுவுல பெல்ட் போட்டு உக்கார வைங்க, டிக்கில போட்டா ஆட்டம் ஜாஸ்தி. கண்ணாடிய ரெண்டு விரக்கடை எறக்கி விடுங்க, ஆனா பனி நேரம்னா ஈரக்காத்து மொகத்துல அடிக்காம பாத்துக்குங்க. நமக்கு பஸ்ல எலுமிச்சம்பழம் மோந்தா நல்லா இருக்கும், நாய்க்கு அந்த வாசனை புடிக்காது, கார்ல வாசனை டப்பா இருந்தா அதையும் கழட்டி வீசுங்க. பூனைக்கு கூடைய துணியால மூடி சீட்டுல ஆடாம கட்டுங்க. டிரைவர் நீங்களா இருந்தா வளைவுல பிரேக்க குத்தாதீங்க, வளைவுக்கு முன்னாடியே கியர கொறச்சுட்டு ஒரே சீரா திருப்புங்க, இதுவே பாதி மாத்திரைக்கு சமம். நடுவுல ஒரு எடத்துல நிறுத்தி பத்து நிமிஷம் நடக்க விடுங்க, கயிறு கட்டாயம், வாகனம் வர்ற வேகத்துக்கு.

என்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எச்சி ஒழுகுதுன்னா அது உள்காது இல்ல, பயம், அந்த ஒத்தையடிப் பாதை. அதுக்கு வாந்தி மாத்திரை மட்டும் குடுத்தா வாந்தி நிக்கும், நடுக்கம் நிக்காது. நிறுத்துன காருக்குள்ள உக்கார வச்சு ரெண்டு ஈரல் துண்டு, மறுநாள் என்ஜின் மட்டும், அப்புறம் தெரு முக்கு வரைக்கும்னு ஒரு மாசம் பழக்குனோம். ஆஸ்பத்திரிக்கு மட்டுமே கார்ல கூட்டிட்டுப் போனா எந்த நாய்க்கும் கார் புடிக்காது. ரொம்ப பயப்படுறதுக்கு டாக்டருங்க கேபாபென்டின் மாதிரி எழுதுறாங்க, அதுலயும் சிரப்பு வேண்டாம், சைலிட்டால் கத அங்கயும் உண்டு.

போயி சேந்தப்புறம் ஒடனே தட்டு நெறைய வைக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு கொழைய வடிச்ச சோறும் தோல் எடுத்து வேகவச்ச கோழியும், உப்பு மசாலா இல்லாம, கைப்பிடி அளவு. தங்குனா அடுத்த பிடி.

திரும்பி வர்ற தேதிய மாத்திரை வாங்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லிருங்க. ஒரே நாள்ல போயிட்டு வந்தா அந்த ஒரு டோஸே நாள் முழுக்க தாங்கும், மறுநாள் வந்தா இன்னொரு டோஸ் குடுத்தாலும் அந்த ரெண்டு நாள் கணக்குக்குள்ளதான் வரும், ஒரு வாரத்துக்குள்ள அங்கயும் இங்கயும் அலையிறதா இருந்தா எந்த நாள் குடுக்கணும் எந்த நாள் விடணும்னு அவரு காகிதத்துல எழுதிக் குடுப்பாரு. டைகருக்கு எறங்கும்போதுதான் தொல்லை, ஏறும்போது பண்ணைக்காடு பிரிவு தாண்டி குளிர் காத்து அடிச்சதும் எந்திரிச்சு உக்காந்துக்குவான், அதனால ஏறுறதுக்கு நாங்க இப்போ மாத்திரையே குடுக்குறது இல்ல, சீட்டுல பழைய பெட்ஷீட்ட மட்டும் ரெண்டா மடிச்சு போட்டுக்குறோம்.